வீணாகும் வெப்பம் யார் உடம்பில் விழுகிறது?

குந்தாரப்பள்ளியில் வெள்ளிக்கிழமை சந்தை கூடுகிறது. ஆடு வாங்க வருகிறவர் என்ன செய்கிறார்? வாயைப் பிளந்து பல்லைப் பார்க்கிறார். முதுகைத் தடவிப் பார்க்கிறார். தூக்கி நிறுத்தி எடையை மதிப்பிடுகிறார். தின்ற தீனிக்குத் தக்க சதை பிடித்திருக்கிறதா என்று மனத்துக்குள் கணக்குப் போட்ட பிறகுதான் மடியை அவிழ்க்கிறார். பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாத ஏழை விவசாயிக்கும் இந்தக் கணக்குத் தெரியும்.

சந்தையை விட்டு வெளியே வந்து ஓசூர் போகும் நெடுஞ்சாலையைப் பாருங்கள். குருபரப்பள்ளி சிப்காட் தொடங்கி ஜூஜூவாடி எல்லை வரையில் ஆலைகள், பட்டறைகள், மாம்பழக்கூழ்த் தொழிற்சாலைகள். தகரக் கூரை போட்ட பட்டறை ஒன்றுக்குள் நுழைந்தால், மூன்று நான்கு முறை காயில் கட்டப்பட்ட பழைய மோட்டார் ஒன்று முனகிக்கொண்டிருக்கும். கம்ப்ரசர் குழாயின் இணைப்பில் காற்று ‘புஸ்’ என்று சீறிக்கொண்டிருக்கும். அந்த மோட்டார் தின்கிற மின்சாரத்துக்குத் தக்க வேலை செய்கிறதா? அதன் பல்லைப் பிடித்துப் பார்த்தவர் யார்?

ஒருவரும் இல்லை என்பதுதான் வேதனை. அதைவிடப் பெரிய வேதனை இன்னொன்று உண்டு. “இது முதலாளியின் மின்கட்டண விவகாரம், நமக்கென்ன?” என்று நம் தோழர்களே கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு இன்று விடை சொல்ல விரும்புகிறோம்.

அரைக் கிலோவாட்டின் கதை

பத்துக் குதிரைச் சக்தி மோட்டார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது முழுச் சுமையில் தருகிற வேலை ஏறத்தாழ ஏழரைக் கிலோவாட். பழைய மோட்டாரின் திறன் 85 சதவீதம் என்றால், அது இழுக்கிற மின்சாரம் 8.8 கிலோவாட். 90 சதவீதத் திறனுள்ள புதிய மோட்டார் இழுப்பது 8.3 கிலோவாட். வித்தியாசம் அரைக் கிலோவாட்தான்.

அரைக் கிலோவாட் தானே என்று அலட்சியம் செய்யலாமா? இரண்டு ஷிப்டு, நாளுக்கு 16 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் ஓடினால் சுமார் 2,350 யூனிட் ஆகிறது. யூனிட் 8 ரூபாய் என்று வைத்தாலும் 18,800 ரூபாய். ஒரே ஒரு மோட்டாரில்! ஓர் ஒப்பந்தத் தொழிலாளியின் மாதக் கூலியை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இன்னும் ஐந்நூறு ரூபாய் கூட்டிக் கொடுங்கள் என்று கேட்டால் “எங்கிருந்து கொடுப்பது?” என்று கையை விரிக்கிறார்களே, அவர்களுடைய பட்டறைச் சுவர் ஓரத்தில் இருந்தே பணம் ஒழுகிக்கொண்டிருக்கிறது.

அந்த 2,350 யூனிட் எங்கே போயிற்று? காற்றில் கரைந்துவிடவில்லை. வெப்பமாக மாறிற்று. மோட்டாரின் உடம்பைச் சுட்டு, அங்கிருந்து கொட்டகைக்குள் பரவிற்று. அரைக் கிலோவாட் ஹீட்டர் ஒன்றைத் தொழிலாளியின் காலடியில் வைத்து, சித்திரை வெயிலில் 16 மணி நேரம் எரியவிட்டதற்குச் சமம் அது. பத்து மோட்டார் உள்ள பட்டறையில் பத்து ஹீட்டர்.

மாம்பழக்கூழ் ஆலைக்குள் போங்கள். கொதிகலனிலிருந்து வரும் நீராவிக் குழாய்க்கு மேலுறை சுற்றப்படாவிட்டால் என்ன நடக்கும்? விறகுக்குக் கொடுத்த காசு வெப்பமாக வெளியேறுகிறது. அதே வெப்பம், கீழே நின்று பழம் நறுக்கும் பெண்களின் மேல் இறங்குகிறது. உறை சுற்றினால் முதலாளிக்கு விறகு மிச்சம். அந்தத் தாய்மார்களுக்கு உயிர் மிச்சம். உபயோகித்த நீராவியிலிருந்து கிடைக்கும் சுடுநீரைத் திரும்பக் கொதிகலனுக்கு அனுப்பினாலும் அப்படித்தான். கொதிகலனுக்குள் போகும் தண்ணீர் 6 டிகிரி கூடுதல் சூட்டோடு போனால் எரிபொருளில் ஏறத்தாழ ஒரு சதவீதம் மிஞ்சும் என்பது கொதிகலன் தொழிலில் பழகிய கணக்கு.

ஆகவே தோழர்களே, வீணாகிற சக்தி இரண்டு இடத்தில் விழுகிறது. பாதி கணக்குப் புத்தகத்தில் விழுகிறது. அதை முதலாளி பார்க்கிறார். மறுபாதி தொழிலாளியின் உடம்பில் விழுகிறது. அதை எந்தப் புத்தகத்திலும் எழுதுவதில்லை. எரிசக்திச் சிக்கனம் என்பது நம்முடைய பிரச்சினை என்று நாம் சொல்வது இதனால்தான்.

கோலார் சொல்லும் பாடம்

மின்சாரம் இந்த வட்டாரத்துக்கு யாருக்காக வந்தது என்பதையும் நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 1902 ஆம் ஆண்டில் காவிரியின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியிலிருந்து கம்பி இழுத்து, கோலார் தங்கச் சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டுபோனார்கள். பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது அதற்குப் பிறகு, 1905-ல்தான். முதலில் வெள்ளைக் கம்பெனியின் தங்கம், பிறகுதான் மக்களின் வெளிச்சம்! அந்தச் சுரங்கங்களில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். வடார்க்காடு, சேலம் ஜில்லாக்களிலிருந்து பிழைக்கப் போன ஏழைகள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்துக்கு இறங்கியது. பாறையே கொதிக்கும் அந்த ஆழத்தில் வெந்தவன் தொழிலாளி, தங்கம் கப்பலேறியது. 2001-ல் சுரங்கமே மூடப்பட்டது.

யந்திரம் எவ்வளவு புதிதானாலும், சக்தி எவ்வளவு பெருகினாலும், கேட்கிற வாய் இல்லாவிட்டால் ஆதாயம் ஒரு பக்கமும் அனல் இன்னொரு பக்கமும் போய்ச் சேரும். கோலார் கற்பித்த பாடம் இது. ஓசூரில் அதை மறுபடியும் படிக்க நாம் தயாராக இல்லை.

சர்க்கார் என்ன செய்கிறது?

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று நாம் சொல்லமாட்டோம். மத்திய சர்க்கார் 2001-ல் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் இயற்றியது. 2002-ல் எரிசக்தித் திறன் பணியகம் அமைந்தது. 2012-ல், சிமெண்டு, இரும்பு, உரம், காகிதம் முதலிய எட்டுத் துறைகளைச் சேர்ந்த 478 பெரிய தொழிற்கூடங்களுக்கு ஒவ்வொன்றாக இலக்கு வகுத்தார்கள். மூன்று ஆண்டில் சேமிக்க வேண்டியது சுமார் 67 லட்சம் டன் எண்ணெய்க்குச் சமமான எரிபொருள். சேமித்தது சுமார் 87 லட்சம் டன். சட்டம் போட்டு, அளந்து, கேள்வி கேட்டால் நடக்கிறது என்பதற்கு இது சாட்சி.

அவை பெரிய ஆலைகள். சம்பளம் கொடுத்து எரிசக்தி மேலாளர் வைத்துக்கொள்ளக் கூடியவை. பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறையின் கதி என்ன?

தமிழ்நாட்டு அரசின் சிறுதொழில் துறையில் ‘பீஸ்’ என்று ஒரு திட்டம் இருக்கிறது. எரிசக்தித் தணிக்கைக்கு ஆன செலவில் 75 சதவீதம், ஒரு லட்சம் ரூபாய் வரை கொடுப்பார்கள். தணிக்கை சொன்னபடி யந்திரத்தை மாற்றினால் அதன் விலையில் 50 சதவீதம், பத்து லட்சம் ரூபாய் வரை மானியம். மாவட்டத் தொழில் மையத்தில் மனுக் கொடுக்க வேண்டும். மத்திய சர்க்காரும் 2025 ஜூலையில் ஆயிரம் கோடி ரூபாயில் ஒரு திட்டம் தொடங்கியது. கடன் வாங்கித் திறனுள்ள யந்திரம் போடும் குறு, சிறு தொழில்களுக்கு வட்டியில் 5 சதவீதமும், நடுத்தரத் தொழில்களுக்கு 3 சதவீதமும் சர்க்கார் ஏற்கும். உணவுப் பதனீடு, வார்ப்படம், ஜவுளி முதலிய 14 துறைகள் அதில் சேர்ந்திருக்கின்றன.

நல்ல திட்டங்கள். வரவேற்கிறோம். ஆனால் பந்தி விரித்தவர்கள் பசித்தவன் வாசலுக்குச் சொல்லி அனுப்பினார்களா?

‘பீஸ்’ மானியம் முதலில் செலவழித்துவிட்டுப் பிறகு வாங்க வேண்டிய மானியம். தணிக்கையாளருக்கு முதலில் சொந்தப் பணம் கொடுக்க வேண்டும். யந்திரத்தைச் சொந்தப் பணத்தில் வாங்க வேண்டும். அப்புறம் ரசீதுகளை அடுக்கி மனுப் போட வேண்டும். கையில் பணம் உள்ளவனுக்கு மானியம். பணம் இல்லாதவனுக்கு விளம்பரத் துண்டறிக்கை! வாரக் கூலிக்கே வட்டிக்கு வாங்குகிற பட்டறைக்காரர் இந்த வாசலில் எப்படி நுழைவார்? வட்டிச் சலுகையோ, வங்கி கடன் கொடுத்தால்தான் உண்டு. அடமானம் வைக்க இடமில்லாத வாடகைக் கொட்டகைக்காரரை வங்கி வரவேற்று உட்கார வைக்குமா?

இதற்கிடையில் மின்கட்டணம் ஏறுகிறது. 2022 செப்டம்பரில் கட்டணமும் நிலைக்கட்டணமும் உயர்ந்தன. உச்சநேரக் கட்டணமும் சேர்ந்து வாட்டியது. 2023 செப்டம்பர் 25 அன்று தமிழ்நாடெங்கும் சிறுதொழில்கள் கதவடைத்துக் கிளர்ச்சி செய்தன. அதற்கு முன்பே உச்சநேரக் கட்டணம் 25 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாகக் குறைக்கப்பட்டிருந்தது. ஆனால் கட்டணம் குறைந்தால் மட்டும் போதுமா? ஓட்டைக் குடத்தில் ஊற்றும் தண்ணீரின் விலையைக் குறைத்தார்கள். குடத்தை யார் அடைப்பது?

கட்டணச் சுமையைக் காட்டி “ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளிக்குப் போய்விடுவோம்” என்று சிலர் மிரட்டுகிறார்கள். அத்திப்பள்ளிக்குக் கொண்டுபோனாலும் பழைய மோட்டார் பழைய மோட்டார்தான்! எல்லை தாண்டினால் திறன் கூடிவிடாது. உண்மையில் எல்லை தாண்டத் துடிப்பது மோட்டாரா, நிரந்தரம் கேட்கும் தொழிலாளியை உதறிவிடத் துடிக்கும் மனமா என்பதையும் நாம் அறிவோம்.

பிற நாட்டில் செய்தது

இது முடியாத காரியம் அல்ல. 1973-ல் எண்ணெய் விலை பல மடங்கு ஏறியபோது, சொந்த எண்ணெய் ஏறக்குறைய இல்லாத ஜப்பான் திணறியது. 1979-ல் எரிசக்திச் சிக்கனச் சட்டம் போட்டு, ஆலைகளில் அதற்கென்று பொறுப்பாளர்களை வைத்தது. ஆலைத் தளத்தில் தொழிலாளர்கள் சிறு சிறு குழுக்களாக உட்கார்ந்து எங்கே வீணாகிறது என்று கண்டு சொல்லும் பழக்கம் அங்கே வளர்ந்திருந்தது. யந்திரத்தின் முனகலை முதலில் கேட்கிற காது தொழிலாளியின் காது என்பதை அவர்கள் ஒப்புக்கொண்டார்கள்.

முதலாளித்துவத்தின் தலைமை நாடான அமெரிக்காவிலேயே, 1976-ல் சர்க்கார் செலவில் ஓர் ஏற்பாடு தொடங்கியது. பொறியியல் கல்லூரி ஆசிரியர்களும் மாணவர்களும் சிறிய, நடுத்தர ஆலைகளுக்குப் போய் இலவசமாக அளந்து, வீணாவதைப் பட்டியல் போட்டுக் கொடுத்தார்கள். ஆலைக்கு லாபம், மாணவனுக்கு அனுபவம்.

நம் மாவட்டத்தில் பர்கூரில் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது. தொழிற்பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. நம் வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் இடங்கள் அவை. அவர்கள் கையில் அளவுகருவியைக் கொடுத்துப் பட்டறைகளுக்கு அனுப்ப என்ன தடை?

நாம் கேட்பது

முதலாவது, சிறு பட்டறைக்குத் தணிக்கையை இலவசமாகச் செய்ய வேண்டும். மானியத்தில் ஒரு பகுதியை யந்திரம் வாங்கும்போதே கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, தணிக்கையாளர் வரும்போது தொழிலாளர் பிரதிநிதியும் உடன் செல்ல வேண்டும். அறிக்கை மேஜை இழுப்பறையில் தூங்கக் கூடாது. தமிழில் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். யூனிட் கணக்கோடு, கொட்டகையின் வெப்ப அளவும் அதில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, சர்க்கார் பணத்தில் வந்த புதிய யந்திரத்தைக் காட்டி ஓர் ஆளையும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. மின்சாரத்தில் சிக்கனம் வேண்டும். மனிதனில் சிக்கனம் கூடாது.

நான்காவது, மிச்சமான பணத்தில் தொழிலாளிக்கும் பங்கு வேண்டும். ஒழுகலைக் கண்டுபிடித்துச் சொன்னவன் அவன். முதல் பங்கு, காற்றோட்டத்துக்கும் குடிதண்ணீருக்கும் போகட்டும்.

இவற்றை வெறும் தீர்மானமாக எழுதி வைத்தால் போதாது. குந்தாரப்பள்ளிக் கூட்டுரோட்டிலும் குருபரப்பள்ளியிலும் ஓசூரிலும் இருக்கும் தோழர்கள் இந்த வாரமே ஒரு வேலை செய்யலாம். மதிய இடைவேளையில் யந்திரங்கள் எல்லாம் நின்ற பிறகும் கம்ப்ரசர் மட்டும் விட்டுவிட்டு ஓடுகிறதா என்று கவனியுங்கள். ஓடினால், குழாயில் ஓட்டை இருக்கிறது. எங்கெங்கே சீறுகிறது என்று காதால் கேட்டு எழுதுங்கள். எந்த மோட்டார் எத்தனை முறை காயில் கட்டப்பட்டது என்று எழுதுங்கள். மேலுறை இல்லாத நீராவிக் குழாய் எத்தனை அடி என்று எழுதுங்கள். அந்தப் பட்டியலைச் சங்கத்தின் கோரிக்கை மனுவோடு சேர்த்துக் கொடுங்கள்.

சந்தையில் ஆட்டின் பல்லைப் பார்க்கத் தெரிந்தவர்களின் பிள்ளைகள் நாம். ஆலைக்குள் யந்திரத்தின் பல்லைப் பார்க்கவும் நமக்குத் தெரியும். “எங்கிருந்து கொடுப்பது?” என்று அடுத்த பேச்சுவார்த்தையில் முதலாளி கேட்கும்போது, அந்தப் பட்டியலை எடுத்து மேஜைமேல் வைப்போம். “இங்கிருந்து கொடுங்கள்” என்று சொல்வோம்.