புதிய அச்சுத்தண்டு பொருந்த மறுப்பதேன்?

மேரு வட்டாரத் தோட்டமொன்றில் சென்ற மழைக்காலத்தில் நாம் சந்தித்த அன்பர் ஒருவர், தம் பழைய புரோட்டோன் சாகாவின் முன் கவலையோடு அமர்ந்திருந்தார். மறுநாள் காலை மகளை நேர்முகத் தேர்வுக்கு ஷா ஆலம் அழைத்துச் செல்ல வேண்டும். கிள்ளானில் வாங்கிய அச்சுத்தண்டோ கியர்ப்பெட்டியினுள் முழுமையாக நுழைய மறுத்தது. சுத்தியலால் ஓங்கி அடித்ததில் தண்டின் மறைமுனை நசுங்கிற்று. ஆயில் சீலும் கிழிந்தது. தண்டின் விலையைவிடப் பழுதுபார்ப்புச் செலவே மிகுந்தது.

1985 ஜூலையில் வெளிவந்த சாகா, மிட்சுபிஷியின் லான்சர் பியோரை அடிப்படையாகக் கொண்டது, முன்சக்கரங்களால் இயங்குவது. கியர்ப்பெட்டியின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டு செல்வதே அச்சுத்தண்டு. பட்டறைகளில் 'டிரைவ் ஷாஃப்ட்' என்பர். அதன் இரு மூட்டுகளையும் மூடியிருக்கும் உறை கிழிந்தால் கிரீஸ் வெளியேறும். மண்ணும் நீரும் உட்புகும். வளைவுகளில் திரும்பும்போது 'டக் டக்' என்ற ஒலி எழும். இவ்வுறைக்கு நம் தோட்டத்துப் பால் உதவாது. எண்ணெயும் கிரீஸும் பட்டால் இயற்கை ரப்பர் உப்பிவிடும். எனவே செயற்கைப் பொருளாலேயே இதனைச் செய்கின்றனர்.

புதியதோ, பழைய உதிரிப்பாகக் கடையில் வாங்கியதோ, தண்டை வண்டியில் பூட்டுமுன் கழற்றிய தண்டோடு அருகருகே வைத்து ஒப்பிடுக. இடப்பக்கத் தண்டும் வலப்பக்கத் தண்டும் நீளத்தில் வேறுபடலாம். கையால் கியர் மாற்றும் வண்டிக்கும் தானியங்கி வண்டிக்கும் வெவ்வேறு தண்டுகள் இருக்கலாம். இரு முனைகளிலும் உள்ள பற்களை எண்ணுக. ஒரு பல் மாறினாலும் பொருந்தாது. ஆயில் சீல் அமரும் பகுதியின் பருமனையும் பார்க்க வேண்டும். ஏ.பி.எஸ். பிரேக் உள்ள பிற்கால வண்டியாயின், தண்டில் பல்வளையம் இருந்தால் அதன் பற்களையும் எண்ணுவது நலம்.

அளவு யாவும் சரியாயிருந்தும் கடைசி விரலளவு மட்டும் உள்ளே செல்லவில்லையெனில், பெரும்பாலும் குற்றம் உள்முனையிலுள்ள சிறு கம்பி வளையத்தினுடையது. இதனை 'சர்க்கிளிப்' என்பர். பழையதை நீக்கிப் புதியது இடுக. சிறிது கிரீஸ் தடவி, வளையத்தின் பிளவு கீழ்நோக்கி இருக்குமாறு நிறுத்தினால் அது நடுவில் நிற்கும். தண்டைச் சாய்வின்றி நேராகப் பிடித்து, சற்றே திருப்பிப் பற்கள் இணைந்தபின் ஒரே உந்தலில் தள்ளுக. உள்ளே 'கிளிக்' என்று அமரும்.

அமர்ந்ததா என அறிய, தண்டை இழுத்துப் பார்ப்போர் உளர், அது தவறு. உள்மூட்டே பிரிந்து வந்துவிடக்கூடும். மூட்டின் புறக்கூட்டைப் பிடித்தே இழுத்துப் பார்க்க வேண்டும். சரியாக அமராத தண்டு ஓட்டத்தின்போது விலகினால், இயந்திரம் ஓடினும் வண்டி நகராது. பால்வெட்டுக்கு விடியுமுன் புறப்படுவோர் இருட்டுச் சாலையில் அந்நிலையில் நிற்பது ஆபத்தானது.

ஆயில் சீலின் உதட்டில் கியர் எண்ணெய் சிறிது தடவிய பின்னரே தண்டை நுழைக்க வேண்டும். கழற்றும்போது சிந்திய எண்ணெயையும் ஈடு செய்க. இவ்வேலைகள் அனைத்திலும் வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்தாது, உறுதியான தாங்கிகளின்மேல் நிறுத்துதல் இன்றியமையாதது. நடுமரையை ஓரளவு இறுக்கிய பின், சக்கரத்தைத் தரையில் இறக்கிக் குறித்த அளவுக்கு முழுமையாக இறுக்குக. அதற்குமுன் வண்டியை உருட்டினால் சக்கரத் தாங்குருளை கெடும். பூட்டு ஊசி உள்ள மரையாயின் புதிய ஊசியே இடுக.