கப்பல்காரர் எதில் காசு பார்க்கிறார்?

சொகுசுக் கப்பல் விளம்பரங்கள் எல்லாம் ஒரே ஜாடையில் இருக்கும். நீலக் கடல், நீச்சல்குளம், பால்கனியில் சிரிக்கும் தம்பதி, கீழே பெரிய எழுத்தில் ஒரு விலை. எந்த நிறுவனம் நமக்கு ஒத்துவரும் என்று இதை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. எத்தனை உணவகம், எத்தனை சறுக்குமரம் என்று எண்ணிக்கொண்டிருப்பதைவிட, இந்த நிறுவனம் எதில் காசு பார்க்கிறது என்று கேட்பது பலன் தரும். டிக்கெட்டிலா, நாம் ஏறிய பிறகு செய்யும் செலவிலா? கப்பலில் நம் பொழுது எப்படிக் கழியும் என்பதைப் பெரும்பாலும் அந்தக் கணக்குதான் முடிவு செய்கிறது.

ராயல் கரீபியன் குழுமத்தை எடுத்துக்கொள்வோம். 2023-இல் அதன் மொத்த வருவாய் சுமார் 1,390 கோடி டாலர். அதில் 430 கோடியைத் தாண்டிய தொகை டிக்கெட்டில் வந்ததல்ல. மது, கேசினோ, கடைகள், இணையம், தனிக்கட்டண உணவகங்கள், கரைச் சுற்றுலா போன்றவற்றில் வந்தது. ஆக, பத்து ரூபாயில் மூன்று ரூபாய் பயணி ஏறிய பிறகு கொடுப்பது. இப்படிச் சம்பாதிக்கும் கப்பல் ஒரு ஊராகவே இருந்தாக வேண்டும். 2024 ஜனவரியில் மியாமியிலிருந்து ஓடத் தொடங்கிய ‘ஐகான் ஆஃப் த சீஸ்’ அப்படித்தான் இருக்கிறது. கேபினுக்கு இருவர் என்று வைத்தாலே 5,610 பேர்; முழுக்க நிரம்பினால் 7,600 பேர். இருபது தளங்கள், ஏழு நீச்சல்குளங்கள். இறங்கி நிற்கும் இடங்களில் ஒன்றான பஹாமாஸின் கோகோகே தீவையும் அதே நிறுவனம்தான் நடத்துகிறது. கப்பலில் பெரும்பாலும் ரொக்கம் புழங்காது; கேபின் கதவைத் திறக்கும் அட்டையே பணப்பையும். ஒரு பழரசம் வாங்கினாலும் அந்த அட்டையைத்தான் நீட்ட வேண்டும். வரும் ரசீதில் 18 சதவீத டிப்ஸ் ஏற்கெனவே ஏறியிருக்கும். அதற்குக் கீழே ‘கூடுதல் டிப்ஸ்’ என்று இன்னொரு காலி இடமும் காத்திருக்கும்!

வைக்கிங் நிறுவனம் இதற்கு நேர் எதிர். அதன் கடல் கப்பல்களில் ஆயிரம் பேருக்கும் குறைவாகவே ஏற்றுகிறார்கள். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு இடமில்லை, கேசினோவும் இல்லை. சாப்பாட்டு வேளை ஒயின், பீர், வைஃபை, ஒவ்வொரு துறைமுகத்திலும் ஒரு சுற்றுலா எல்லாம் டிக்கெட்டிலேயே அடக்கம். அதனால் டிக்கெட் விலை கண்ணைக் கட்டும். ஆனால் பணத்தை முன்பே வாங்கிவிட்டவருக்கு நம்மைக் கப்பலுக்குள் பிடித்துவைக்கும் அவசியம் அவ்வளவு இல்லை. சில துறைமுகங்களில் கப்பல் இரவும் நிற்கிறது. ஊர் பார்க்கப் போகிறவருக்கு இது பொருந்தும். பத்து வயதுப் பையனோடு போகிறவருக்கு இங்கே கதவே திறக்காது.

அப்படியானால் மலிவுக் கப்பல் ஒரு பொறி, விலை கூடியதே நேர்மையானது என்கிறீர்களா என்று கேட்கலாம். இல்லை. குடிக்காத, சூதாடாத, கடையில் கைவைக்காத குடும்பத்துக்கு அந்தப் பெரிய கப்பல்தான் லாபம். பாரிலும் கேசினோவிலும் மற்றவர்கள் கொட்டும் பணம்தானே அடிப்படை டிக்கெட்டை மலிவாக வைத்திருக்கிறது? மூன்று வேளைச் சாப்பாடு, மேடை நிகழ்ச்சி, பிள்ளைகளுக்கான விளையாட்டு எல்லாம் அந்த டிக்கெட்டுக்குள் வந்துவிடும். நம் வீடுகளில் பலருக்கு இது பொருந்தும் என்பது என் கணிப்பு. உஷாராக இருக்க வேண்டிய இடங்களும் உண்டு. பல நிறுவனங்களில் கேபினில் ஒருவர் மது பேக்கேஜ் எடுத்தால் உடனிருக்கும் பெரியவர்களும் எடுத்தே ஆக வேண்டும். தினசரி டிப்ஸ் தனி. அமெரிக்க நிறுவனங்களில் அது ஆளுக்கு நாளொன்றுக்கு 15 முதல் 20 டாலர் வரை. நான்கு பேர் ஒரு வாரம் போனால் அதுவே ஐந்நூறு டாலரை ஒட்டி நிற்கும்.

நிறுவனம் எதுவானால் என்ன, போகிற ஊரைப் பார்த்து முடிவு செய்தால் போதாதா? இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் எந்த ஊருக்குள் எப்படிப் போகலாம் என்பதைக் கப்பலின் அளவுதான் தீர்மானிக்கிறது. 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் வெனிஸின் சான் மார்கோ பக்கம் வர 2021 ஆகஸ்ட் 1 முதல் இத்தாலி தடை விதித்தது. அதனால் பயணத்திட்டத்தில் ‘வெனிஸ் (ரவென்னா)’ என்று அச்சிட்டிருந்தால், அடைப்புக்குறிக்குள் இருக்கும் ஊரில்தான் கப்பல் நிற்கும். வெனிஸுக்கு அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் சாலைப் பயணம். அண்டார்டிகாவில் இன்னும் கறார். அங்கே சுற்றுலா நடத்தும் நிறுவனங்களின் கூட்டமைப்பு விதிப்படி, 500-க்கு மேல் பயணிகளுள்ள கப்பலிலிருந்து யாரும் கரையிறங்க முடியாது. சிறிய கப்பலானாலும் ஓர் இடத்தில் ஒரே நேரத்தில் நூறு பேருக்கு மேல் இறங்கக் கூடாது. பெரிய கப்பலில் போனால் பனிக்கட்டியைக் கண்ணால் பார்க்கலாம், காலால் மிதிக்க முடியாது.

முதல்முறை போகிறவருக்குத் தன் பயண ரசனையே தெரியாதே என்பார்கள். விடுமுறையில் அறையும் நீச்சல்குளமுமாகக் கிடப்பவரா, காலையிலேயே கடைத்தெருவுக்குக் கிளம்புகிறவரா என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதற்கு மேல் வேண்டுமானால் அருகிலேயே வெள்ளோட்டம் பார்க்கலாம். கார்டேலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’ மும்பையிலிருந்தும், சில பருவங்களில் சென்னையிலிருந்தும் புறப்படுகிறது. 2023-இல் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை வரை போய்வந்த கப்பல் இது. 1990-இல் ராயல் கரீபியனுக்காகக் கட்டிய பழைய கப்பல் என்பதால் இன்றைய ராட்சதக் கப்பல்களின் வசதியை இதில் தேடக் கூடாது. சிங்கப்பூரிலிருந்து போகும் ‘கென்டிங் ட்ரீம்’ கப்பலில் இந்திய சைவச் சாப்பாடும் கிடைக்கும், கேசினோவும் இருக்கும். ஆனால் இரண்டு மூன்று இரவுப் பயணங்களில் கொண்டாட்டக் கூட்டம் அதிகம். கடல் ஒத்துக்கொள்கிறதா, சிறிய கேபினில் தூக்கம் வருகிறதா என்பதை அங்கே தெரிந்துகொள்ளலாம். அந்தக் கூட்டத்தை வைத்து, கப்பல் பயணமே இரைச்சல்தான் என்று தீர்ப்பு எழுதிவிட வேண்டாம்.

தனியாகப் போகிறவர்கள்தான் இந்தக் கணக்கில் அடிபடுகிறார்கள். கேபின் விலையை இருவருக்கென்றே போடுவதால் ஒருவர் மட்டும் போனாலும் பெரும்பாலும் இரண்டு டிக்கெட் பணத்தைக் கேட்பார்கள். காலிக் கட்டில் பாருக்கும் போகாது, கரைச் சுற்றுலாவுக்கும் வராது அல்லவா? நார்வீஜியன் நிறுவனம் 2010-இல் தன் ‘எபிக்’ கப்பலில் ஒருவருக்கென்றே 128 சிறிய கேபின்களையும், அவர்கள் கூடிப் பேச ஒரு பொது அறையையும் வைத்தது. பிறகு வேறு சில நிறுவனங்களும் ஒற்றை ஆள் கேபின்களைக் கொண்டுவந்தன. எண்ணிக்கை குறைவு என்பதால் அவை சீக்கிரமே விற்றுத் தீர்ந்துவிடுகின்றன.