மணி ஒலிக்குமுன் அறிதல்

தொலைபேசி மணி ஒலிக்கின்றது. அதனைக் கையில் எடுக்குமுன்னரே அழைப்பவர் இன்னார் என மனத்திற் படுகின்றது. எடுத்துக் கேட்டால் அவரேதாம். சிலவேளைகளில் மணி ஒலிப்பதற்கும் முன்னரே ஒருவருடைய நினைவு எழுகின்றது. சில நிமிடங்களுள் அவரிடமிருந்தே அழைப்பும் வந்துவிடுகின்றது. "இப்பத்தான் உன்னை நினைச்சனான், உனக்கு நூறு வயது" என்று நம் வீடுகளில் வழங்கும் வாழ்த்து இவ்வநுபவத்தின் பாற்பட்டதே. இக்காலத்திற் கைத்தொலைபேசியின் முகப்பிலேயே அழைப்பவரின் பெயர் தோன்றிவிடுவதால், மேற்கூறிய இரண்டனுள் முதலாவது வகை அருகிவிட்டது, இரண்டாவது அருகவில்லை. பிள்ளைகள் கடல் கடந்து வாழும் குடும்பங்கள் நிறைந்த நம் நாட்டில் அது பெருகியே இருக்கின்றது எனலாம்.

இவ்வநுபவம் உண்டு என்பதில் ஐயமில்லை. அது அறிவா, அன்றி அறிவுபோலத் தோன்றும் வேறொன்றா என்பதே வினா.

தொலைவிலுள்ளார் நம்மை நினைக்கின்றனர் என்பதற்கு உடலிலும் சூழலிலும் குறி தேடும் வழக்கம் தொலைபேசியினும் மிகப் பழையது. உண்ணும்போது புரையேறினால் யாரோ நினைக்கின்றார் என்பர்; காகம் கரைந்தால் விருந்து வரும் என்பர். அவ்வாறு கரைந்த காக்கையைப் பாடியமையாலேயே நச்செள்ளையார் என்னும் சங்கப் புலவர் காக்கைபாடினியார் எனப் பெயர் பெற்றார். அப்பாட்டுக் குறுந்தொகையில் 210ஆவதாக உள்ளது. திருக்குறளில் நினைந்தவர் புலம்பல் என்னும் அதிகாரத்திலே வரும் தலைவியோ இன்னும் நுட்பமானவள். தும்மல் வருவதுபோற் காட்டி வாராது அடங்கிவிடுகின்றது. காதலர் நம்மை நினைக்கத் தொடங்கி நினையாது விட்டாரோ என அவள் ஐயுறுகின்றாள். இதிலுள்ள காதற்சுவையை எடுத்துக் காட்டாதார் இலர். ஆயினும் அவள்பாற் பிறிதொரு சிறப்பும் உண்டு. வந்த தும்மலை மாத்திரமன்றி வாராத தும்மலையும் அவள் கருத்திற் கொண்டாள். பிற்காலத்தில் இப்பொருளை ஆராயப் புகுந்தோர் பலரிடம் அக்கவனம் இருக்கவில்லை.

ஆராய்ச்சி என்று சொல்லத்தக்க முறையில் இது தொடங்கியது 1882ஆம் ஆண்டில் எனலாம். அவ்வாண்டில் இலண்டன் மாநகரில் உள ஆராய்ச்சிக் கழகம் நிறுவப்பெற்றது. அதனை நிறுவியோருள் ஒருவராகிய பிறெடெரிக் மையேர்ஸ் என்பார் 'ரெலிபதி' என்னும் சொல்லை அவ்வாண்டிலேயே ஆக்கினார். தொலைவு, உணர்வு எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களின் புணர்ப்பு அது. தமிழிலே தொலைவுணர்வு என்று வழங்கலாம். கிரகாம் பெல் தொலைபேசிக்கு உரிமம் பெற்று அப்பொழுது ஆறு ஆண்டுகளே ஆகியிருந்தன. கம்பியின் வழியே குரல் செல்லுமாயின், கம்பியின்றி எண்ணம் செல்லாதா என்று கேட்பது அக்காலத்தார்க்கு வியப்பாகத் தோன்றவில்லை. பெல்லின் உதவியாளராய் முதற் தொலைபேசியை ஆக்கித் தந்த தோமஸ் வாற்சன் தாமே ஆவிகளை அழைக்கும் கூட்டங்களுக்குச் சென்றுவந்தவர் என்பது இங்கு நினைக்கத்தக்கது.

அக்கழகத்தார் 1886இல் இரு பெருந்தொகுதிகளாக வெளியிட்ட நூலில் 702 நிகழ்ச்சிகள் இடம்பெற்றன. தொலைவில் ஒருவர் இறக்கும் வேளையில் உற்றார் ஒருவருக்கு அவ்வுருத் தோன்றியது முதலிய செய்திகள் அவை. உழைப்பு அரியது, ஆயினும் அனைத்தும் நேர்ந்தவற்றின் தொகுப்பு. தோன்றியும் ஒன்றும் நேராது போனவை எத்துணை என்பதை அத்தொகுப்பு ஒன்றே காட்டமாட்டாது. கழகத்தார் நேரிற் சோதித்து நம்பிய கிறீறி குடும்பத்துச் சகோதரிகளோ, தமக்குள் மறைகுறிகள் வைத்துக்கொண்டு விடை கூறினர் என்பது பின்னர் வெளிப்பட்டது. குற்றத்தை மறையாது பதிவு செய்தமைக்குக் கழகத்தாரைப் பாராட்டலாம்.

இனி, தற்செயலுமன்றித் தொலைவுணர்வுமன்றி மூன்றாவதொரு காரணமும் இருத்தல் கூடும் என்பதற்கு அமெரிக்க எழுத்தாளர் மாக் ருவெயின் வாழ்க்கையிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அவர் 1891இல் வெளியிட்ட கட்டுரையில் இதனை எழுதியுள்ளார். நெவாடா மாநிலத்து வெள்ளிச் சுரங்கங்களைப் பற்றி ஒரு நூல் எழுதப்படல் வேண்டும் என்னும் எண்ணம் அவருக்குத் திடீரெனத் தோன்றியது. அதற்குத் தகுதியானவர் அங்கே தம்முடன் முன்பு பத்திரிகைத் தொழில் செய்த வில்லியம் றைற் என்பவரே என்று கருதிக் கடிதம் எழுதினார். அதனை அனுப்பாது வைத்திருந்தார். சில நாள்களில் றைற்றிடமிருந்தே ஒரு கடிதம் வந்தது. ருவெயின் அதனைப் பிரிக்குமுன்னரே உள்ளிருப்பதை அருகிலிருந்தவரிடம் கூறினார், அவ்வாறே இருந்தது. அவர் இதனை மனத்தந்தி என்றே கொண்டார். ஆயினும் 1873ஆம் ஆண்டளவில் அச்சுரங்கங்களிற் பெருந்திரளாக வெள்ளி காணப்பெற்றது; அடுத்த ஆண்டுகளிற் பத்திரிகைகளில் அதுவே பேச்சாயிருந்தது. ஒரே செய்தி, ஒரே தொழிலில் இருந்த இரு நண்பர்களிடத்தும், ஒரே எண்ணத்தை எழுப்பியமைக்கு மனங்கள் தம்முட் பேசியிருத்தல் வேண்டுவதில்லை. நம் வீடுகளிலும் இதுவே நிகழ்கின்றது. நல்லூர்த் தேர்த்திருவிழாவன்று ரொறன்ரோவிலுள்ள மகனின் நினைவு தாய்க்கு வருகின்றது. அன்று அவனும் ஊரை நினைத்து அழைக்கின்றான். இருவரையும் எழுப்பியது தேர்.

பொதுக்காரணம் ஒன்றுமே இல்லாதபோதும் தற்செயல் எத்துணை ஆற்றலுடையது என்பதை நாம் குறைத்தே மதிப்பிடுகின்றோம். மாணவர்களின் பொருட்டு ஒரு கணக்கைச் செய்து காட்டுவோம். ஒரு தாய் நாளொன்றில் 16 மணித்தியாலம் விழித்திருக்கின்றாள். அது 960 நிமிடம். தொலைவிலுள்ள மகனை அவள் நாளொன்றுக்குப் பன்னிரண்டு முறை நினைக்கின்றாள் எனக் கொள்வோம். தாய்மார் இதனைக் குறைவென்றே சொல்வர். மகன் நாள்தோறும் ஒருமுறை, எந்நேரமென்ற வரையறையின்றி அழைக்கின்றான். நினைவு தோன்றிய ஐந்து நிமிடத்துள் அழைப்பு வந்தால் அதனை 'முன்னறிவு' என்போமாயின், அதற்குரிய நேரம் மொத்தம் 60 நிமிடம். ஆகவே நிகழ்தகவு 960இல் 60, அஃதாவது பதினாறில் ஒன்று. ஓராண்டில் ஏறத்தாழ 23 முறை, எவ்வகை ஆற்றலுமின்றி, நினைத்தவுடன் மணி ஒலித்துவிடும். எஞ்சிய 342 நாள்களும் நினைவில் நில்லா. மகன் வேலை முடிந்து குறித்த ஒரு வேளையிலேயே அழைப்பவன் ஆயின், அவ்வேளையில் அவன் நினைவு மிகுதியாக எழும். எண்ணிக்கை இன்னும் கூடும்.

பிற்காலத்திற் பௌதிகவியலுக்கான நோபெல் பரிசு பெற்ற லூயிஸ் அல்வாறெஸ் என்பார் 1965இல் இத்தகைய கணக்கொன்றைச் செய்தார். பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தபோது நெடுங்காலம் நினையாதிருந்த ஒருவரின் நினைவு அவருக்கு வந்தது. சில நிமிடங்களில் அதே பத்திரிகையில் அவருடைய மரணச் செய்தியைக் கண்டார். திடுக்குற்றார், பின்னர் கணக்கிட்டார். தெரிந்த ஒருவரை நினைத்த ஐந்து நிமிடத்துள் அவர் இறந்த செய்தி எட்டுவது அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 3,000 பேருக்குத் தற்செயலாகவே நேரும் என்பது அவர் கண்ட முடிபு. நாளொன்றுக்கு எட்டு அல்லது பத்துப் பேர். அப்பதின்மரும் அதனை ஆயுள் முழுதும் சொல்லிக்கொண்டிருப்பர்.

இத்தகைய கணக்கு, தற்செயல் போதியது என்று காட்டுமேயன்றி, தொலைவுணர்வு இல்லை என்று காட்டாது. அதற்குச் சோதனை வேண்டும். தொலைபேசியை வைத்தே அச்சோதனையை அமைத்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த றூபேட் ஷெல்றேக் என்னும் உயிரிரசாயனவியலாளர். கேம்பிறிட்ஜிற் பயின்று அங்கேயே ஆய்வு செய்தவராயினும், அவருடைய கொள்கைகளை விஞ்ஞானிகளுட் பெரும்பாலோர் ஏற்பதில்லை. ஆள் யாராயினும் ஆகுக. சோதனையின் அமைப்பு எளிதும் நல்லதுமாகும். ஒருவர் தமக்கு அறிமுகமான நால்வரைக் குறிப்பிடுவார். குறித்த நேரத்தில் அந்நால்வருள் ஒருவர் அழைப்பார். அவர் யார் என்பது தாயக்கட்டையை உருட்டித் தெரிந்தெடுக்கப்படும். அழைப்பவர் எண்ணைக் காட்டாத தொலைபேசி மணி ஒலிக்கும்போது, எடுக்குமுன் பெயரைச் சொல்லல் வேண்டும். வெறும் ஊகமாயின் நூற்றுக்கு 25 சரியாகும்.

அவரும் பமெலா ஸ்மாட் என்பாரும் 2003இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 63 பேரைக் கொண்டு செய்த 571 சோதனைகளில் நூற்றுக்கு 40 சரியாயின. தற்செயலாயின் ஏறத்தாழ 143 சரியாகவேண்டிய இடத்தில் இது மிகப் பெரிய வேறுபாடு. வீட்டில் எவரும் பாராதிருக்க நடந்தவை இவை என்னும் குறை எழுந்தமையால், அவர்கள் நால்வரைத் தெரிந்து, படப்பிடிப்புக் கருவி இடைவிடாது பதிவுசெய்ய 271 சோதனைகள் செய்தனர். அவற்றில் நூற்றுக்கு 45 சரி. அழைப்பவர் அவுஸ்திரேலியா போன்ற தூரநாட்டில் இருந்தபோதும் பயன் குறையவில்லை என்றனர். பாடகியராய்ப் பெயர்பெற்ற நோலன் சகோதரிகளைக் கொண்டு தொலைக்காட்சிக்காகச் செய்த சோதனையிற் பன்னிரண்டில் ஆறு சரியாயின. இதனைப் பெரிதாகப் பேசுவோர் உளர். கணக்கிட்டுப் பார்த்தால், பன்னிரண்டில் ஆறோ அதற்கு மேலோ சரியாவது வெறும் ஊகத்தாலேயே நூற்றுக்கு ஐந்து முறை நேரும். பெரிதாகப் பேச அதில் ஒன்றுமில்லை. 571, 271 என்பவையோ வேறு. அவற்றை அவ்வாறு தள்ள இயலாது.

2006இல் நோறிச் நகரில் நிகழ்ந்த பிரித்தானிய விஞ்ஞான விழாவில் ஷெல்றேக் இம்முடிபுகளை எடுத்துரைத்தபோது, அவருக்கு மேடை கொடுத்ததே தவறென்று விஞ்ஞானிகள் சிலர் சினந்தனர். சினம் விடையாகாது. விடையாகத்தக்கது குறைகளை எடுத்துக் காட்டலும் மீண்டும் செய்து பார்த்தலுமேயாம். குறைகள் உள. குறித்த நேரத்தில் அழைப்பு வரவேண்டுமாயின், நேரந் தவறாத நண்பரின் அழைப்புச் சரியாக வரும். சோம்பலுள்ள நண்பரின் அழைப்புச் சற்றுப் பிந்தும். இருபது ஆண்டு பழகியவர்க்கு அச்சிறு தாமதமே பெயரைச் சொல்லப் போதும். மேலும், பெயர் சொல்பவரைக் கருவி பார்த்துக்கொண்டிருந்தது, அழைப்போரைப் பார்க்கவில்லை. அதிமுக்கியமாக, முன்னரே நேரங்குறித்து நால்வருள் ஒருவரைத் தெரிதல் என்பது, எதிர்பாராத வேளையில் தானே எழும் நினைவன்று. சோதிக்கப்பட்டது நாம் வியந்த அநுபவத்தின் உறவினரேயன்றி அவ்வநுபவமன்று.

மீண்டும் செய்தோர் கண்டது யாது? அம்ஸ்ரடாமில் ஆறு பேரைக் கொண்டு செய்த ஆய்வு 2004இல் வெளிவந்தது. சரியானவை நூற்றுக்கு ஏறத்தாழ 29. ஜேர்மனியிலே பிறைபேக் நகரத்தாரின் ஆய்வு 2009இல் வெளிவந்தது. பலரையும் சேர்த்துப் பார்த்தவிடத்துத் தற்செயலுக்கு மேற்பட்டது ஒன்றுமில்லை. ஒருவர் மாத்திரம் மிக உயர்ந்த எண்ணிக்கை பெற்றார். நாற்பது, நாற்பத்தைந்து என்று தொடங்கியது பிறர் கைக்குச் சென்றவுடன் இருபத்தொன்பதாகவும் இருபத்தைந்தாகவும் குறைந்தது. உண்மையான ஆற்றல் ஒன்று, கண்டுபிடித்தவரின் வீட்டில் மாத்திரம் வலிமை பெற்றிருத்தல் அரிது. ஆகவே தொலைவுணர்வு நாட்டப்படவில்லை என்பதே என் துணிபு. பிறைபேக் நகரத்து அந்த ஒருவரைப் பற்றி, பலரைச் சோதித்தால் ஒருவர் உயரவே செய்வார் என்பதற்கு மேல் ஒன்றும் கூறேன்.

நம்பாத மாணவன் தானே செய்து பார்க்கலாம். பெயர்காட்டும் வசதியையும் ஆளுக்கொரு மணியோசை வைக்கும் வசதியையும் அகற்றிவிடல் வேண்டும். நால்வரை ஒழுங்குசெய்து, யார் அழைப்பதென்பதை வேறொருவர் தாயக்கட்டையால் முடிவு செய்தல் வேண்டும். ஐந்தோ ஆறோ விழுந்தால் மீண்டும் உருட்டுக. பெயரை எழுதிய பின்னரே எடுத்தல் வேண்டும். நூறு அழைப்பில் 25 எதிர்பார்க்கத்தக்கது. 34ஓ அதற்கு மேலோ சரியாவது நூறு பேரில் இருவர் மூவருக்கே தற்செயலாய் வாய்க்கும். பத்து அழைப்போடு நிறுத்திவிடுவோன் எதனையும் அறியான்.

இவையெல்லாம் வெறும் புத்தி விளையாட்டென்று கருதுவோர்க்கு ஒன்று சொல்லல் வேண்டும். பிள்ளைகளைப் பிரிந்த தாய்மார் பலர் தம் நெஞ்சைத் தொலைபேசியாகவே கொண்டு வாழ்கின்றனர். நெஞ்சு பதைத்தால் இரவெல்லாம் உறக்கமின்றி, அங்கே என்ன நேர்ந்ததோ என்றிருப்பர், விடிந்தால் ஒன்றுமிராது, அது மறக்கப்படும். இதனினுங் கொடியது மற்றையது. வெளிநாட்டில் மகன் வீதி விபத்தில் இறந்த பின்னர், "எனக்கு ஒண்டும் தோன்றேல்லையே, பெத்த வயிறு அறியேல்லையே" என்று தன்னையே நொந்துகொள்ளும் தாயை நம்மூர்களிற் கண்டிருக்கின்றோம். மகனை இழந்த துயரோடு, அறியாதிருந்தமை தன் அன்பின் குறை என்ற துயரையும் அவள் சுமக்கின்றாள். முன்னறிவு உண்டு என்று நாம் கதைகதையாகச் சொல்லிவந்தமையே அச்சுமையை அவள்மேல் ஏற்றியது. ஓராண்டில் 23 முறை அவள் நினைத்தவுடன் மகன் அழைத்ததைச் சொல்லி வியந்தோர், அழையாது போன நாள்களை அவளுக்கு எண்ணிக் காட்டவில்லை. அவன் விழுந்த வேளையில் அவள் அடுப்படியில் நின்று பிட்டு அவித்துக்கொண்டிருந்தாள். மணி ஒலிக்கும்வரையில் அவளுக்கு அது தெரிய வழி இருக்கவில்லை.