இலையில் தெரியும் சரக்கு
நம் பக்கத்து ஓட்டல்கள் பற்றி ஒரு மொத்த வியாபாரியின் கருத்து

வசூலுக்கோ கொள்முதலுக்கோ வெளியூர் போகும் வியாபாரிக்கு, மத்தியானம் எங்கே சாப்பிடுவது என்பது சின்ன விஷயம் அல்ல. ஒரு வேளைச் சாப்பாடு வயிற்றைக் கெடுத்தால் இரண்டு நாள் வசூல் கெட்டுவிடும். அதனால்தான் நமது சங்க அன்பர்கள் பலர், "அண்ணாச்சி, திண்டுக்கல் போறோம், எங்கே சாப்பிடலாம்?" "அண்ணாச்சி, தென்காசிப் பக்கம் எந்தக் கடை தேவலை?" என்று பார்க்கும்போதெல்லாம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதைவிட, நம் பத்திரிகையிலேயே எழுதிவிட்டால் எல்லோருக்கும் ஆகும் என்று எண்ணி எழுதுகிறோம்.

நமக்குச் சமையல் தெரியாது, சரக்குத் தெரியும். விருதுநகரில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பருப்பு, உளுந்து, வத்தல், மல்லி மொத்தமாக விற்று வருகிறோம். இட்லியைப் பிட்டால் உளுந்து புதுசா பழசா என்று கை சொல்லும். சாம்பாரை இலையில் ஊற்றியதும் உள்ளே இருப்பது துவரம் பருப்பா, வேறு எதுவுமா என்று கண் சொல்லும். ஆகவே இங்கே எழுதுவதைச் சமையல்காரரின் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சரக்கு விற்பவனின் கருத்தாக எடுத்துக்கொண்டால் போதும்.

நம்மூர் பரோட்டா

வெளியூர்க்காரர்கள் விருதுநகர் என்றதும் கேட்பது எண்ணெய்ப் பரோட்டா. நடுவில் பள்ளமான கல்லில் எண்ணெய் நிற்க, அதில் பொரித்து எடுக்கும் சின்னப் பரோட்டா இது. பர்மா கடை என்ற பெயர் மதுரை தாண்டியும் தெரிந்த பெயர். நொறுங்கப் பிய்த்துப் போட்டு, மேலே சால்னாவை ஊற்றி ஊறவிட்டுச் சாப்பிட வேண்டும்.

இந்தப் பரோட்டாவுக்கு மைதாவும் முக்கியம், மாவு பிசையும் கையும் முக்கியம். ஆனால் நாம் முதலில் பார்ப்பது எண்ணெயை. பொரிக்கிற பண்டத்தில் எண்ணெயை ஒளிக்க முடியாது. நல்ல எண்ணெயில் பொரித்தது ஆறிய பிறகும் மொறுமொறுப்பாக இருக்கும், வாயில் காறல் அடிக்காது. கறுத்த எண்ணெயில் பொரித்தது சூட்டில் தெரியாது. சாப்பிட்டு அரைமணி நேரம் கழித்து நெஞ்சைக் கரிக்கும்போதுதான் தெரியும். திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் சேரும் கெட்ட பொருள்களின் அளவு, அதை 'டி.பி.சி.' என்கிறார்கள், 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை 1 முதல் விதி. விதி வந்ததும் சில கடைகள் திருந்தின. சில கடைகளில் இன்னும் பழைய எண்ணெயின் மேல் புது எண்ணெயை ஊற்றிக்கொண்டுதான் இருக்கிறார்கள். கடை வாசலில் நின்று கல்லில் நிற்கும் எண்ணெயின் நிறத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போவது நல்லது.

மதுரையில் இட்லியும் கறிதோசையும்

மதுரையில் எந்த நேரத்திலும் பசியோடு படுக்க வேண்டியதில்லை. ராத்திரி பஸ்ஸைத் தவறவிட்டவருக்கும் ஆவி பறக்கும் இட்லி கிடைக்கும். முருகன் இட்லிக் கடை மதுரையில் தொடங்கிப் பிறகு சென்னைக்கும் வெளிநாட்டுக்கும் போனது எல்லோருக்கும் தெரியும். ஆனால் நம் மனதுக்குப் பிடித்தவை தெருவோரத்து இட்லிக் கடைகள்தாம். நாலு தட்டு இட்லி வேகும், மூன்று நாலு சட்னி இருக்கும், முடிந்ததும் கடையைக் கட்டிவிடுவார்கள். மாவு மிஞ்சுவதில்லை; அதனால் புளிப்பதும் இல்லை.

இட்லிக்கு ரகசியம் உளுந்தில் இருக்கிறது. புது உளுந்து அரைக்க அரைக்கப் பொங்கும். நாள்பட்ட உளுந்து பொங்காது. பொங்காத மாவை மெத்தென்று ஆக்குவதற்குச் சோடா உப்பைப் போடுவார்கள். அந்த இட்லி பார்வைக்குப் பூப்போல இருக்கும், நாக்கில் ஒரு வழவழப்பு நிற்கும். பர்மா உளுந்தோ நாட்டு உளுந்தோ, எதுவானாலும் புதிதாக வாங்கிப் போடும் கடையில் சோடா உப்புக்கு வேலை இல்லை.

அசைவம் சாப்பிடுகிறவர்கள் சிம்மக்கல் பக்கம் போய்க் கோனார் கடையில் கறிதோசை சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். தோசை, அதன் மேல் முட்டை, அதன் மேல் கொத்திய ஆட்டுக்கறி என்று அடுக்கடுக்காக வரும். ஒன்று தின்றால் ஒரு வேளைக்குக் காணும். இரண்டாவது கேட்பது இளவட்டங்களின் வேலை. வெயில் நேரத்தில் விளக்குத்தூண் பக்கம் ஜிகர்தண்டா குடிக்கலாம். சுண்டிய பால், பாதாம் பிசின், நன்னாரி சர்பத், ஐஸ்கிரீம் சேர்ந்தது. பாதாம் பிசின் நாட்டு மருந்துக் கடைச் சரக்கு. அதை நன்றாக ஊறவைத்துத் தூசு துரும்பு பொறுக்கிப் போடுகிற கடையில் மட்டும் குடியுங்கள்.

திண்டுக்கல் பிரியாணி

திண்டுக்கல்லில் 1957-ல் நாகசாமி நாயுடு தொடங்கிய ஆனந்த விலாஸ் பிரியாணி ஓட்டல்தான், அவர் தலையில் கட்டிய தலைப்பாகையால் தலப்பாக்கட்டி என்று பெயர் பெற்றது. அந்தப் பெயர் இன்று பல ஊர்களுக்குப் போய்விட்டது. பெயரைவிட நாம் கவனிக்க வேண்டியது அரிசி. பாஸ்மதி எங்கும் பரவிய காலத்திலும் திண்டுக்கல்காரர்கள் சீரகச் சம்பாவை விடவில்லை. சின்ன அரிசி, தனக்கென்று ஒரு வாசனை, மசாலாவை இழுத்துக்கொள்ளும் குணம். ஆனால் புது அரிசியாக இருந்தால் குழைந்துவிடும். பழைய அரிசியை வாங்கி வைக்க முதல் போடுகிற கடைதான் ஒரே பதத்தில் பிரியாணி கொடுக்கும். திண்டுக்கல்லில் நல்ல பிரியாணி என்றால், அதற்குப் பின்னால் ஒரு நல்ல அரிசிக் கடைக்காரர் இருக்கிறார் என்று அர்த்தம்.

பலகாரக் கடைகள்

சாத்தூர்க் காராச்சேவு, கோவில்பட்டிக் கடலைமிட்டாய், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா மூன்றும் ஓட்டல் சாப்பாடு அல்ல. ஆனாலும் நம் பக்கத்துக்கு வருகிறவர் எவரும் இவற்றை வாங்காமல் போவதில்லை. பால்கோவாவுக்கு 2019-லும் கடலைமிட்டாய்க்கு 2020-லும் புவிசார் குறியீடு கிடைத்தது. நமக்கெல்லாம் பெருமை.

இந்த மூன்றிலும் சரக்கு நாலைந்துக்கு மேல் இல்லை. பாலும் சீனியும் பால்கோவா. கடலையும் வெல்லமும் கடலைமிட்டாய். சரக்கு குறையக் குறைய ஏமாற்று வெளியே தெரியும். காராச்சேவில் கடலை மாவோடு பட்டாணி மாவைக் கலந்தால், தின்னும்போது ஒரு பச்சை வாடை வரும். கரகரப்பும் இரண்டே நாளில் போய்விடும். வாங்குகிறவர் பெட்டியின் படத்தைப் பார்க்காமல் ஒரு துண்டு வாயில் போட்டுப் பார்த்து வாங்கட்டும். நல்ல கடைக்காரர் அதற்கு முகம் சுளிக்கமாட்டார்.

நெல்லையும் செங்கோட்டையும்

திருநெல்வேலியில் நெல்லையப்பர் கோவிலுக்கு எதிரே இருக்கும் இருட்டுக்கடை அல்வாவைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அந்தக் கடையின் வியாபார முறையைத்தான் நாம் சொல்ல விரும்புகிறோம். சாயங்காலம் கடை திறப்பு, சரக்குத் தீர்ந்தால் அடைப்பு. கடையில் பெரிய விளக்கு அலங்காரம் எதுவும் கிடையாது. சம்பாக் கோதுமை, சீனி, நெய் என்கிற பக்குவத்தை மட்டும் பிடித்துக்கொண்டு தலைமுறைகளைத் தாண்டிவிட்டார்கள்.

நெல்லைக்குப் போகிறவர்கள் சொதி கிடைத்தால் விடக்கூடாது. தேங்காய்ப் பாலும் பாசிப்பருப்பும் காய்கறியும் சேர்ந்த குழம்பு, தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. கல்யாண வீட்டில் மறுவீட்டு விருந்துக்கு வைத்த பண்டம் இது. இப்போது சில ஓட்டல்களிலும் கிடைக்கிறது. இஞ்சியை ஒதுக்கிவிடாமல் சேர்த்துச் சாப்பிடுங்கள். தேங்காய்ப் பாலுக்கு அதுதான் மருந்து.

குற்றால சீசனுக்குப் போகிறவர்கள் செங்கோட்டைக்குப் பக்கத்தில் பிரானூரில் பார்டர் பரோட்டா சாப்பிடாமல் திரும்புவதில்லை. ரஹ்மத் கடை அதில் பெயர் பெற்றது. இலையில் சின்னச் சின்னப் பரோட்டா, சால்னா, நாட்டுக்கோழி. நம்மூர் பரோட்டா நொறுங்கும், அந்த ஊர் பரோட்டா இழைஇழையாகப் பிரியும். எது உசத்தி என்று கேட்டால், பசித்த நேரத்தில் எந்த ஊரில் இருக்கிறோமோ அந்த ஊருடையது உசத்தி. ஜூன், ஜூலை, ஆகஸ்டில் அங்கே கூட்டம் நெருக்கும். கூட்டம் நிறைந்த நாளில் எந்தக் கடையையும் எடை போடக்கூடாது. சீசன் இல்லாத நாளில் போய்ப் பார்த்தால்தான் கடையின் குணம் தெரியும்.

ஐம்பது காசுக் கணக்கு

இனி நமக்கு உறுத்தலாக உள்ள விஷயத்துக்கு வருவோம்.

பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு சைவ ஓட்டல் இருந்தது. பெயர் வேண்டாம். பெரியவர் இருந்த காலம் வரை முதல் ரகத் துவரம் பருப்பைத் தவிர வேறெதையும் நம்மிடம் கேட்டதில்லை. அந்தச் சாம்பாருக்காகவே பத்து மைல் தாண்டி வந்து சாப்பிட்டவர்கள் உண்டு. அவருக்குப் பின் வந்தவர்கள், "கிலோவுக்கு 20 ரூபாய் குறைவாக ஏதாவது இருந்தால் போடுங்கள்" என்றார்கள். நாம் மறுத்தோம், பாதிச் சரக்கை வேறு இடத்தில் வாங்கிக் கலந்துகொண்டார்கள். மைசூர்ப் பருப்பும் கனடாப் பருப்பும் சாம்பாருக்குள் வந்தன. அவை கெட்ட சரக்கு என்று நாம் சொல்லவில்லை. ஆனால் துவரம் பருப்புச் சாம்பார் என்று நம்பி வந்தவன் இலையில் அதை ஊற்றக்கூடாது.

கணக்குப் பார்ப்போம். ஒரு கிலோ பருப்பில் 40 பேருக்குச் சாம்பார் என்று வைத்துக்கொள்வோம். 20 ரூபாய் மிச்சம் என்றால் ஆள் ஒன்றுக்கு 50 காசு. அந்த ஐம்பது காசை மிச்சம் பிடித்ததில் ஒவ்வொருவராக ஆள் குறைந்தது. ஆள் குறைந்ததும் நமக்கு வரவேண்டிய பணம் தவணை தள்ளியது. கடைசியில் ஒருநாள் கடையே பூட்டிக் கிடந்தது. நமக்கு மட்டும் அல்ல, எண்ணெய்க் கடை, காய்கறிக் கடை, பால்காரர் எல்லோருக்கும் பாக்கி நின்றது. பத்துப் பன்னிரண்டு வேலையாட்களுக்கும் பிழைப்புப் போயிற்று.

இதிலிருந்து ஒன்று விளங்குகிறது. ஓட்டலில் சாம்பார் நீர்த்தால், நாலு மாதத்தில் நம் பேரேட்டில் பாக்கி ஏறும். நம் வாடிக்கை ஓட்டலில் மாதம் ஒருமுறையாவது காசு கொடுத்துச் சாப்பிட்டுப் பார்ப்பது, பேரேட்டைப் புரட்டுவதைவிட நல்ல எச்சரிக்கை.

பில்லும் பாக்கியும்

ஓட்டல்காரர்கள் பக்கத்திலும் கஷ்டம் உண்டு. பெரிய தங்கும் விடுதிகளில் இருப்பவை நீங்கலாக, ஓட்டல்களுக்கு 2017 நவம்பர் 15 முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். வாங்கும் சரக்குக்குக் கட்டிய வரியை அதில் கழித்துக்கொள்ள முடியாது. ஆகவே சிலர், "நமக்குப் பில்லால் என்ன லாபம், பில் இல்லாமலே போடுங்கள்" என்று கேட்கிறார்கள். அன்பர்கள் இதற்கு இசையக் கூடாது. வரிக் குற்றம் என்பது ஒரு பக்கம். நாளை பணம் வராவிட்டால் கேட்பதற்கு ஆதாரம் எது? பில் இல்லாத சரக்கு, சாட்சி இல்லாத கடன்.

கடனுக்குப் போடுகிறவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். சரக்கு விற்ற பாக்கிக்கு வழக்குப் போடக் காலக்கெடு 3 ஆண்டு. கெடு முடிவதற்குள் பாக்கியை ஒப்புக்கொண்டு எழுத்தில் கையெழுத்து வாங்கினால், கெடு அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கும். எனவே ஒவ்வொரு மார்ச் மாதக் கணக்கு முடிவிலும் நிலுவையை எழுதிக் கையெழுத்து வாங்குவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். நாணயமானவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நமது வேண்டுகோள்

மேலே சொன்ன கடைகளில் பெயர் வாங்கியவை எல்லாம் ஏதோ ஒரு சரக்கை விட்டுக்கொடுக்காமல் நின்றவை. ஒருவர் அரிசியை விடவில்லை, ஒருவர் நெய்யை விடவில்லை, ஒருவர் எண்ணெயை விடவில்லை. அந்தச் சரக்கைக் கொடுத்தவர் யாரோ ஒரு மளிகைக்காரர். அவர் பெயர் பலகையில் இருக்காது, இலையில் இருக்கிறது. ஆகவே ஓட்டலுக்குத்தானே என்று பழைய உளுந்தையும் சாயம் ஏற்றிய வத்தல் தூளையும் தள்ளிவிடுவது, நம் வாடிக்கையை நாமே வெட்டிக்கொள்வதாகும். விலை குறைந்த ரகத்தை விற்கலாம். அதை அந்த ரகம் என்று சொல்லி விற்க வேண்டும்.

நாம் போகாத ஊர்களும் சாப்பிடாத கடைகளும் எத்தனையோ உண்டு. அந்தந்த ஊர் அன்பர்கள் தங்கள் பக்கத்தில் சரக்கை விட்டுக்கொடுக்காத ஓட்டல்களைப் பற்றி, சின்ன மெஸ்ஸாக இருந்தாலும் சரி, ஒரு கடுதாசி எழுதி நம் பத்திரிகைக்கு அனுப்பலாம். வசூலுக்குப் போகும் நாலு பேருக்கு நல்ல சாப்பாடு கிடைக்கும். நாணயமான ஒரு கடைக்கு நாலு வாடிக்கை கூடும்.