வருஷத்துக்கு 24 புத்தகம்: பழுவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு துப்பறியும் யோசனை

அரியலூரிலிருந்து திருவையாறு வழியாகத் தஞ்சாவூர் போகும் பேருந்து கீழப்பழுவூரில் நின்றுதான் கிளம்பும். ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்கள் அந்தப் பெயர்ப்பலகையைக் கண்டதும் ஒரு கணம் நிமிர்ந்து உட்காருவார்கள். அதில் வரும் சிற்றரசர்களான பழுவேட்டரையர்களின் மண் இதுதான். கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய அந்தக் கதையைச் சரித்திர நாவல் என்கிறோம். உள்ளே இருப்பதோ ஒரு கொலை வழக்கு: சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்?

அந்த வழக்கின் சாட்சியமும் தொலைவில் இல்லை. ஜெயங்கொண்டம், கங்கைகொண்ட சோழபுரம், மீன்சுருட்டி என்று போனால் அடுத்து காட்டுமன்னார்கோவில். அங்கே உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் ராஜராஜனின் 2-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் முதலானவர்களைத் துரோகிகள் என்று பெயர் சொல்லிக் குறித்து, அவர்களுடைய சொத்துகள் பறிக்கப்பட்டதைப் பேசுகிறது. வரலாற்று அறிஞர் நீலகண்ட சாஸ்திரி, ராஜராஜனுக்கு முன் அரியணையில் இருந்த உத்தம சோழன் மீது சந்தேகப்பட்டார். சதாசிவ பண்டாரத்தார், அவனுக்குத் தொடர்பில்லை என்று அதே கல்வெட்டை வைத்தே வாதிட்டார். ஒரே தடயம், இரண்டு தீர்ப்பு. கல்கியும் கொலையாளியைத் திட்டவட்டமாகக் காட்டாமலே கதையை முடித்தார்.

இப்படியொரு வழக்கை வாசலில் வைத்திருக்கும் அரியலூர், பெரம்பலூர்க்காரர்கள், வரும் ஆண்டின் வாசிப்பு இலக்கைத் துப்பறியும் கதைகளோடு தொடங்கிப் பார்க்கலாம். எப்படி என்று பார்ப்போம்.

ஆண்டு வாசிப்புச் சவால் என்றால் என்ன?

ஜனவரியில் ஓர் எண்ணைத் தனக்குத்தானே குறித்துக்கொண்டு, டிசம்பருக்குள் அத்தனை புத்தகங்களைப் படித்து முடிப்பது. தமிழ் வாசகர்கள் ‘ரீடிங் மாரத்தான்’ என்றும் சொல்கிறார்கள். பிரிட்டன் பொது நூலகங்களில் 1999 முதல் கோடை விடுமுறைச் சவால் நடக்கிறது. விடுமுறை முடிவதற்குள் ஆறு புத்தகம் என்பது குழந்தைகளுக்கு வழக்கமான இலக்கு. 2015-இல் துபாயில் தொடங்கிய அரபு வாசிப்புச் சவாலில் மாணவர்களுக்கு இலக்கு 50 புத்தகம். நம் அரசுப் பள்ளிகளின் ‘வாசிப்பு இயக்கம்’ எண்ணிக்கைக்குப் பதிலாகப் படிநிலையை வைத்தது: நுழை, நட, ஓடு, பற. முதலில் எளிய புத்தகம், பிறகு கொஞ்சம் பெரியது.

பெரியவர்களுக்கும் அந்தப் படிநிலைதான் பொருந்தும். படிக்கும் பழக்கம் விட்டுப்போனவர் முதல் நாளே கனமான நாவலை எடுத்தால், பிப்ரவரியில் அது தலையணைக்கு அடியில் கிடக்கும். ஒரு நாளைக்கு 15 பக்கம் படித்தால் 14 நாளில் 210 பக்கம், ஒரு சிறு நாவல் அளவு. அதாவது மாதம் இரண்டு புத்தகம், ஆண்டுக்கு 24. பேருந்துக்குக் காத்திருக்கும் நேரமே இதற்குப் போதும்.

ஏன் துப்பறியும் நாவல்?

அடுத்த அத்தியாயத்தைப் புரட்டவைக்கும் இழுப்பு அதில் இருக்கிறது. பக்கம் பக்கமாகத் தகவலைச் சேர்த்து, யார் பொய் சொல்கிறார் என்று யோசிக்கவும் பழக்குகிறது. இந்த வகை எழுத்து நமக்கு அந்நியமும் இல்லை. தமிழின் முதல் துப்பறியும் நாவல் என்று சொல்லப்படும் ‘தானவன்’ 1894-இல் வந்தது. எழுதிய பண்டித நடேச சாஸ்திரி, லால்குடி வட்டாரத்துச் சங்கேந்திக்காரர். பெரம்பலூரும் அரியலூரும் நெடுங்காலம் இருந்த பழைய திருச்சி மாவட்டத்தின் பிள்ளை அவர்.

அவருக்குப் பின் ஆரணி குப்புசாமி முதலியாரும், ஜே.ஆர். ரங்கராஜுவும், வடுவூர் துரைசாமி ஐயங்காரும் வாசகர்களைக் கட்டிப்போட்டார்கள். வடுவூராரின் திகம்பர சாமியார் 1950-இல் எம்.என். நம்பியார் நடிக்கத் திரைக்கே வந்தார். பிறகு தமிழ்வாணனின் சங்கர்லால், சுஜாதாவின் கணேஷ்–வசந்த், ராஜேஷ்குமாரின் விவேக்–ரூபலா, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா, சுபாவின் நரேந்திரன்–வைஜயந்தி. பேருந்து நிலையப் பெட்டிக்கடைகளில் கிளிப் மாட்டித் தொங்கிய மாத நாவல்கள்தான் பலருக்கு முதல் நூலகம்.

பரிந்துரைப்பது எப்படி?

சவாலில் தனியாக ஓடுபவர் களைத்துப்போவார். நாலு பேர் சேர்ந்து கைமாற்றிக்கொண்டால் ஆண்டு முழுக்க ஓடலாம். ஆனால் கிரைம் நாவலைப் பரிந்துரைக்க ஒரு தர்மம் உண்டு. அதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு பைண்டு புத்தகம்.

எங்கள் வீட்டில் வார இதழ்த் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்துத் தைத்து வைத்திருந்தார்கள். காக்கித் துணி ஒட்டிய முதுகு, ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட பல்பொடி விளம்பரம், பசை வாசனை. விடிய விடியப் படித்துக் கடைசிக்கு வந்தால் இறுதி அத்தியாயத்தைக் காணோம். பக்கத்து வீட்டு அத்தை அந்தத் தொடரைப் படித்தவர். ஓடிப்போய், “அத்தை, யாரு கொலைகாரன்?” என்றேன். “சொல்ல மாட்டேன்டா. லைப்ரரில முழுப் புத்தகம் இருக்கு, போய்த் தேடு” என்று கதவைச் சாத்திக்கொண்டார். அன்று கோபம் வந்தது. நூலகத்துக்குள் நான் முதன்முதலாகக் கால் வைத்தது மறுநாள்தான்.

முடிவைச் சொல்லாமலே ஒரு நாவலை அறிமுகப்படுத்த முடியும். அது எந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது என்று சொன்னால் போதும். ‘யார் செய்தது’ வகை வேண்டுமா? அகதா கிறிஸ்டி இருக்கிறார். ‘எப்படி நடந்தது, பேயா மனிதனா’ என்ற குழப்பம் வேண்டுமா? சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’. கிராமத்து ஜமீன் வீடும் நாட்டுப்பாடலும் பிடிக்குமா? அவருடைய ‘கரையெல்லாம் செண்பகப்பூ’. தொடர்பே இல்லாத இரண்டு கதைகள் தனித்தனியே ஓடிக் கடைசியில் முட்டிக்கொள்ளும் விறுவிறுப்பு வேண்டுமா? ராஜேஷ்குமார். கேட்பவரின் ருசி தெரிந்து கொடுத்தால், அந்தப் புத்தகம் படிக்காமல் திரும்பி வராது.

புத்தகம் எங்கே கிடைக்கும்?

முதல் இடம் பொது நூலகம். 1948-இல் சென்னை மாகாணம் இயற்றிய பொது நூலகச் சட்டத்தின்படி, நாம் கட்டும் சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியும் சேர்கிறது. அந்தப் பணத்தில் வாங்கிய புத்தகங்கள் மாவட்ட நூலகத்திலும் கிளை, ஊர்ப்புற நூலகங்களிலும் நமக்காகக் காத்திருக்கின்றன. ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்றவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். சிறு காப்புத்தொகை கட்டினால் உறுப்பினர் அட்டை கிடைக்கும்.

அடுத்தது, பெரம்பலூரிலும் அரியலூரிலும் நடக்கும் புத்தகத் திருவிழாக்கள். கல்கியின் நூல்கள் நாட்டுடைமை ஆனதால் ‘பொன்னியின் செல்வன்’ பல பதிப்பகங்களின் மலிவுப் பதிப்பாகக் கிடைக்கிறது. ஐந்து பாகம் என்று மலைக்க வேண்டாம். 24-இல் ஐந்து அதிலேயே முடிந்துவிடும்.

கணக்கு வைப்பது எப்படி?

ஒரு 40 பக்க நோட்டு போதும். முதல் கட்டத்தில் புத்தகத்தின் பெயர், இரண்டாவதில் முடித்த தேதி. மூன்றாவதில், பாதிப் புத்தகத்தில் நீங்கள் யாரைச் சந்தேகப்பட்டீர்கள் என்று எழுதுங்கள். முடித்த பின் பார்த்தால் எந்த இடத்தில் ஏமாந்தோம் என்று தெரியும். நான்காவது கட்டம்தான் முக்கியம்: அடுத்து யாருக்குக் கொடுத்தீர்கள்.

நூலகப் புத்தகத்தின் உள்ளே ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைப் பாருங்கள். வயலட் மையில் சாய்ந்தும் சரிந்தும் விழுந்த தேதி முத்திரைகள். ஒவ்வொன்றும் நம் ஊரில் யாரோ ஒருவர் அந்தக் கதையை வீட்டுக்கு எடுத்துப்போனதற்கான தடயம். எத்தனையோ நல்ல நாவல்களில் அந்த வரிசை பல ஆண்டுகளுக்கு முன்பே நின்றுபோயிருக்கிறது. டிசம்பரில் 24 முடியாமல் 17-இல் நின்றாலும் வருத்தம் வேண்டாம். அந்த 17 சீட்டுகளிலும் உங்கள் தேதி விழுந்து, அதற்குக் கீழே நீங்கள் சொல்லி அனுப்பிய இன்னொருவரின் தேதியும் விழுந்தால், சவாலில் ஊரே ஜெயித்த மாதிரி.