ஆட்டத்துக்கு நடுவே டிரான்ஸ்ஃபர் ஆர்டர்!

ஏப்ரல் வந்தால் எங்கள் ஆபீஸில் வேலை நடக்காது; வதந்திதான் நடக்கும். 'உன் பேரு லிஸ்ட்டுல இருக்காம்ப்பா' என்று கேன்டீனில் யாராவது கொளுத்திப் போட்டால் போதும், டீ தொண்டையில் இறங்காது. பையனின் ஸ்கூல் அட்மிஷன் கண் முன்னே வந்து போகும்.

அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து வீரர்களுக்கு இந்த வயிற்றுக் கலக்கல் பிப்ரவரியில். கெடு தேதிக்குள் அணிகள் ஆட்களை மாற்றிக்கொள்ளலாம். சம்பளக் கணக்கு ஏறக்குறைய ஒத்துப்போக வேண்டும். வீரரின் சம்மதம்? அதைக் கேட்பது அபூர்வம்!

2019 பிப்ரவரி 6. டல்லாஸ் அணிக்கு ஹாரிசன் பார்ன்ஸ் ஆடிக்கொண்டிருந்தார். மேட்ச் முடிவதற்குள்ளேயே சேதி பரவிவிட்டது - அவரை சாக்ரமென்டோவுக்குக் கொடுத்தாச்சு! நானாக இருந்தால் அந்த நிமிஷமே மெடிக்கல் லீவ். மனிதர் எழுந்து போகவில்லை. கடைசி வரை பெஞ்சில் சகாக்களோடு உட்கார்ந்திருந்தார்.

அதே டல்லாஸ், 2025 பிப்ரவரியில் அடுத்த வெடியைப் போட்டது. முந்தைய வருஷம் இறுதிப் போட்டி வரை இழுத்துப் போன 25 வயது லூகா டோன்சிச்சை லேக்கர்ஸிடம் கொடுத்து, ஆந்தனி டேவிஸை வாங்கியது. முன்கூட்டி ஒரு கிசுகிசுகூட இல்லை! கொதித்த ரசிகர்கள் அரங்க வாசலுக்குச் சவப்பெட்டியே கொண்டு வந்துவிட்டார்கள். மாற்றிவிட்ட ஜெனரல் மேனேஜர் நிகோ ஹாரிசனுக்கும் அந்த நவம்பரிலேயே சீட்டுக் கிழிந்தது.

இப்போதெல்லாம் கேன்டீனில் என் பேர் அடிபட்டால் நிம்மதியாக டீ குடிக்கிறேன். யாருமே என்னைப் பற்றிப் பேசாத வருஷம்தான் சார், உதறல்!