கொடைக்கானலுக்குக் கம்பிவடப் பாதை: ஏறிய பிறகு என்ன?

பழனி மலைத்தொடரின் வடக்கு அடிவாரத்தில் இருக்கும் பழனி நகரையும், அதே தொடரின் மேல்தட்டில் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலையும் ரோப்வே எனப்படும் கம்பிவடப் பாதையால் இணைக்கும் யோசனை, ஒன்றிய அரசு 2022-23 நிதிநிலை அறிக்கையில் அறிவித்த பர்வத்மாலா திட்டத்தின் கீழ் பரிசீலிக்கப்பட்டு வருகிறது. இரண்டு ஊர்களுக்கும் இடையே மலைச்சாலை சுமார் 64 கி.மீ. வளைந்து ஏற, உயர்ந்த கோபுரங்களின் மேல் ஓடும் எஃகு வடத்தில் பயணிகள் பெட்டிகளைக் கோத்து இழுக்கும் இந்தப் பாதைக்குச் சுமார் 12 கி.மீ. போதும். மழைக்காலத்தில் மண்சரிவால் அடிக்கடி தடைபடும் சாலையை நம்பியிருக்கும் ஊருக்கு இது ஆசை காட்டுகிற திட்டம் என்பதில் ஐயமில்லை.

இழுவை வடம் பழனிக்குப் புதிதும் அன்று. மலைக்கோயிலுக்கு ஏறுவதற்கு, சரிவில் பதித்த தண்டவாளத்தின் மீது பெட்டியை எஃகு வடத்தால் இழுக்கும் விஞ்ச் 1966-லேயே வந்துவிட்டது. தரையைத் தொடாமல் செல்லும் ரோப்கார் 2004-ல் வந்தது. ஆனால் ரோப்காரில் ஏறக் காத்திருந்த பக்தர்களுக்கு அதன் எல்லையும் தெரியும்: காற்று பலமாக வீசினால் அது நிறுத்தப்படும், ஆண்டுக்கு ஒருமுறை வாரக்கணக்கில் பராமரிப்புக்காக ஓய்வெடுக்கும். அந்த நாட்களில் விஞ்சும் படிகளும் யானைப்பாதையும் கைகொடுக்கின்றன. சுமார் 150 மீட்டர் உயரமுள்ள குன்றிலேயே இந்த நிலை என்றால், காட்டின் மேல் 12 கி.மீ. செல்லும் வடத்துக்கும் மாற்றுவழி தயாராக இருக்க வேண்டும். ஆகவே வடம் வந்தாலும் சாலையைப் பேணும் செலவு குறையப் போவதில்லை.

திட்டம் குறித்த பேச்சு பெரும்பாலும் ஏறுவதைப் பற்றியே நிகழ்கிறது. மேல்முனையாகச் சொல்லப்படும் குறிஞ்சி ஆண்டவர் கோயில் பகுதி, பேருந்து நிலையத்திலிருந்து சுமார் 3 கி.மீ. தள்ளி இருக்கிறது. 1936-ல் லீலாவதி ராமநாதன் கட்டிய அந்தக் கோயிலிலிருந்து வானம் தெளிந்த நாளில் பழனி மலை தெரியும் என்பதால் இரு முனைகளுக்கும் அழகான பொருத்தம் உண்டு. எனினும் அங்கு வந்து இறங்குகிற குடும்பம் ஏரிக்கும், பிரையண்ட் பூங்காவுக்கும், தூண் பாறைக்கும் எப்படிப் போகும்? வாடகைக் காரில்தான் போக வேண்டும் என்றால், மலையடிவாரத்தில் குறைந்த நெரிசல் ஊருக்குள் ஏழு ரோடு சந்திப்பிலும் மூஞ்சிக்கல்லிலும் கூடிவிடும்.

அந்த நெரிசலின் அளவை நீதிமன்றமே கணக்கில் எடுத்துக்கொண்டது. 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் உதகைக்கும் வரும் சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயமாக வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 வண்டிகள் என உச்சவரம்பும் விதித்தது. வணிகர்களும் விடுதி நடத்துவோரும் இதை எதிர்த்ததற்குப் பிழைப்பு சார்ந்த நியாயம் உண்டு என்றாலும், இடத்தின் கணக்கு அவர்களுக்கு எதிராக நிற்கிறது. ஒரு வண்டிக்கு முன்பின் இடைவெளி உட்பட 5 மீட்டர் என்று வைத்தால், 6,000 வண்டிகளை வரிசையில் நிறுத்த 30 கி.மீ. சாலை வேண்டும், ஏரியின் சுற்றளவோ சுமார் 5 கி.மீ. வண்டிக்கு நால்வர் என்று கொண்டால் அவற்றில் வருவோர் 24,000 பேர். மணிக்கு 1,000 பேரை ஏற்றும் வடம் பத்து மணி நேரம் ஓயாமல் ஓடினாலும் 10,000 பேரைத்தான் கொண்டுவரும்.

அப்படியானால் ஊருக்குள் ஒரு ட்ராம் ஓடலாமே என்ற கேள்வி எழுவது இயல்பு. ட்ராம் என்பது தெருவிலேயே பதித்த தண்டவாளத்தில், மற்ற வண்டிகளோடு சாலையைப் பகிர்ந்துகொண்டு ஓடும் மின்சார ரயில்பெட்டி. சென்னையில் அது 1895 முதல் 1953 வரை ஓடியது. லிஸ்பன் நகரின் செங்குத்தான தெருக்களில் இன்றும் ட்ராம் ஏறி இறங்குவதால், சரிவு மட்டுமே தடை என்று சொல்ல முடியாது. தடை சாலையின் அகலத்தில் இருக்கிறது. ஓரத்தில் ஒரு கார் கோணலாக நின்றால் பேருந்து ஒதுங்கிப் போகும். தண்டவாளத்தை விட்டு நகர முடியாத ட்ராம் அதன் பின்னால் நின்றுவிடும். தனித் தடம் ஒதுக்க இடமிருக்கும் ஊரில் அது சிறந்த ஊர்தி. மூஞ்சிக்கல் கடைவீதியில் அந்த இடம் இல்லை.

அதைவிடக் கவலை தரும் காரணம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் 2001-ல் ட்ராம் மீண்டும் தொடங்கப்பட்டபோது அதன் ஆதரவாளர்கள் முன்வைத்த வலுவான வாதம், நிலையாகப் பதித்த தடத்தை நம்பி அதன் இருபுறமும் கட்டடங்களும் கடைகளும் பெருகும் என்பது. சமவெளி நகருக்கு வரவாகிற அதே விளைவு, சோலைக்காடும் புல்வெளியும் நீரைத் தேக்கித் தருவதால் வாழ்கிற மலைக்கு இழப்பு. கம்பிவடப் பாதையின் மேல்முனைக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்: நிலையம் அமைகிற இடத்தைச் சுற்றி விடுதிகள் முளைக்கும். இந்த மலையின் வரலாறே அதற்குச் சான்று. இன்று கொடைக்கானல் ரோடு என்று வழங்கும் அம்மையநாயக்கனூர் நிலையத்தில் இறங்கி, மாட்டு வண்டியில் அடிவாரம் வந்து, அங்கிருந்து பல்லக்கிலும் குதிரையிலும் ஏறிய காலத்தில் சிலருக்கு மட்டுமே உரிய ஓய்விடமாக இருந்த ஊர், மோட்டார் சாலை வந்த பின் ஆண்டுக்கு லட்சக்கணக்கானோர் வரும் ஊராக மாறியது.

வண்டியை வெளியே நிறுத்திய ஊர்களின் அனுபவம் கொடைக்கானலுக்கு இன்னும் நெருக்கமானது. சுவிட்சர்லாந்தின் செர்மாட்டுக்குக் காரில் வருவோர் 5 கி.மீ. முன்னதாக டேஷ் என்ற ஊரில் காரை விட்டு ரயிலேற வேண்டும். மும்பைக்கு அருகில் உள்ள மாத்தேரானில் சுற்றுலாப் பயணிகளின் கார்கள் தஸ்தூரி நாக்காவைத் தாண்டக் கூடாது. கொடைக்கானலில் இதற்கு ஏற்ற இடம் பெருமாள்மலை. பழனிச் சாலையும் வத்தலக்குண்டுச் சாலையும் அங்கேதான் கூடுகின்றன. அங்கு வண்டிகளை நிறுத்திவிட்டு, சிறிய மின்பேருந்துகள் சில நிமிட இடைவெளியில் ஏரிக்கும் தூண் பாறைக்கும் குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்கும் ஓடினால், அதற்குத் தண்டவாளமும் வேண்டாம், காட்டில் கோபுரமும் வேண்டாம். சரிவராத வழித்தடத்தை மறுவாரமே மாற்றிவிடலாம். அரசுப் பேருந்துகளுக்கு இ-பாஸ் தேவையில்லை என்ற விதி இதற்கு ஏற்கெனவே வழிவிட்டிருக்கிறது.

2011 கணக்கெடுப்பின்படி நகராட்சியில் வசிப்போர் 36,501 பேர். அவர்களுக்கும், பூம்பாறையிலிருந்தும் மன்னவனூரிலிருந்தும் பூண்டும் காரட்டும் ஏற்றிச் சமவெளிக்கு இறங்கும் லாரிகளுக்கும், மேல்மலைக் கிராமங்களிலிருந்து நோயாளியோடு வரும் ஆம்புலன்சுக்கும் ஊருக்கு நடுவே செல்லும் சாலைதான் வழி. கம்பிவடத் திட்டத்தின் ஆய்வறிக்கை, பயண நேரத்தைக் கணக்கிடும் அதே பக்கத்தில், மே மாத ஞாயிறு ஒன்றில் அந்த ஆம்புலன்ஸ் ஏழு ரோடு சந்திப்பைக் கடக்க ஆகும் நேரத்தையும் திட்டத்துக்கு முன், பின் என்று கணக்கிட்டுக் காட்ட வேண்டும்.